கூசுது என்று சொன்ன பிள்ளை: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

புலன் சிரமமுள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சை செய்யும் எனக்குச் சிறுவர் வைத்திய நிபுணர் எழுதிய கடிதம் மிகச் சுருக்கமானது. ஆறு வயதுப் பெண் பிள்ளை, தரம் 1. வரிசையில் நிற்கும்போது மற்றப் பிள்ளைகளைக் கீறுகிறாள், சீருடை போட மறுக்கிறாள், தலை வாரி இழுக்க விடுவதில்லை. மதிப்பிடவும்.

உப்புவெளிப் பக்கமிருந்து ஓட்டோவில் வந்திருந்தார்கள். அம்மா, அம்மம்மா, பிள்ளை. அம்மம்மா உள்ளே வந்ததும் கதிரையில் இருந்துவிட்டார். பிள்ளை இருக்கவில்லை. கதிரையின் றெக்சின் உறையைத் தன் உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தொடைக்குக் கீழே நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு விளிம்பில் இருந்தாள். அந்தச் செய்கையை அப்போதே குறித்து வைத்தேன். அதன் பெறுமதி எனக்கு விளங்கப் பல வாரங்கள் சென்றன.

அம்மா பேசத் தொடங்கியதுமே அழுதுவிட்டார். "பள்ளிக்கூடத்துப் பிரச்சினைய விடுங்க மிஸ். என்னையே கிட்ட அண்ட விடுறாள் இல்ல. பெத்தவள் நான். இவள் நித்திரையானாப் பிறகுதான் ஒரு கொஞ்சு கொஞ்சுறனான்."

அம்மம்மாவிடம் வேறு விளக்கம் இருந்தது. சின்னதில் கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டார்களாம். இப்போது அது பிடிவாதமாக முற்றிவிட்டதாம். "ரெண்டு அடி போட்டாச் சரியாயிரும். தாய்க்கு மனம் வராது."

நான் பிள்ளையிடம் கேட்டேன்: "தலையில றிபன் கட்டினா என்னம்மா செய்யுது?"

அவள் சொன்ன ஒரே சொல்: "கூசுது."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெயிலில் கண் கூசினால் நிழலுக்குப் போகிறோம். ஐஸ் பட்டுப் பல் கூசினால் வாயை மூடிக்கொள்கிறோம். "பல்லே, இப்படிப் பிடிவாதம் பிடிக்காதே" என்று யாரும் சொல்வதில்லை. ஒரு புலன் தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது என்பதைச் சொல்லத் தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அதே சொல்லுக்கு வெட்கம் என்றும் பொருள் இருப்பதால், பிள்ளை "கூசுது" என்னும்போது வீட்டார் காதில் வெட்கம்தான் விழுந்தது. மூன்று வயதிலிருந்து இந்தப் பிள்ளை சரியான சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதை எழுத அவளது பெற்றோர் சம்மதம் தந்தார்கள். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டு வரலாறு

நிறைமாதப் பிரசவம். பிறப்பு நிறையிலோ வளர்ச்சிக் கட்டங்களிலோ குறையில்லை. சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டின் வளர்ச்சிக் கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. ஆனால் பதிவேட்டில் எழுத இடமில்லாத கதைகள் அம்மாவிடம் நிறைய இருந்தன. பிறந்து முப்பத்தோராம் நாள் தலை வழித்த அன்று பிள்ளை நீலம் பாரித்துப்போகும் அளவுக்கு அழுதாள். துணியால் இறுக்கிச் சுற்றினால்தான் அடங்குவாள். சுற்றைத் தளர்த்தினால் மறுபடி அழுகை. நடக்கத் தொடங்கிய பிறகு கடற்கரை மணலில் கால் வைக்க மாட்டாள், தகப்பன் தோளில் சுமந்துகொண்டு போவார். சொதி ஊற்றிய இடியப்பத்தை வாயில் வைத்தால் ஓங்காளிப்பாள். வறண்ட புட்டென்றால் இரண்டு கிண்ணம் சாப்பிடுவாள். வெண்டிக்காயைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். முன்பள்ளியில் விரலில் வர்ணம் தொட்டுப் படம் கீற மறுத்ததற்காக மூலையில் இருத்தப்பட்டிருக்கிறாள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இவை ஒரு பக்கம். மறுபக்கத்தைக் கேட்டபோதுதான் படம் தெளிந்தது. இந்தப் பிள்ளை மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து படுப்பாள். தலையணைகளை மேலே அடுக்கச் சொல்லுவாள். தகப்பன் கரைவலைத் தொழிலாளி. வலைக்கயிறு இழுக்கும்போது பின்னால் நின்று தானும் இழுப்பாள், உள்ளங்கை சிவந்தாலும் விடமாட்டாள். கடலில் தகப்பன் கையைப் பிடித்துக் கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்காக நிற்பாள், ஆனால் ஒரு துளி முகத்தில் தெறித்தால் கத்துவாள்.

கன்னியா வெந்நீரூற்றில் நடந்ததை அம்மம்மா குற்றச்சாட்டாகச் சொன்னார். மட்டக்களப்பிலிருந்து வந்த உறவினரோடு போயிருக்கிறார்கள். ஒரு மாமா பகிடிக்காக வாளித் தண்ணீரை இவள் தலையில் ஊற்றிவிட்டார். பிள்ளை அவர் கையைக் கடித்துவிட்டாள். குடும்பத்துக்குப் பெரிய மானக்கேடு. "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன். எல்லோரும் அடங்கிய பிறகு அவளே சின்னச் செம்பொன்றை எடுத்து, ஏழு கிணற்றிலும் மொண்டு தன் தலையில் தானே ஊற்றிக்கொண்டாளாம். "அப்ப மட்டும் கூசயில்லையோ?" என்று அம்மம்மா என்னைத் திருப்பிக் கேட்டார்.

மிக நல்ல கேள்வி அது. அவர் கோபத்தில்தான் கேட்டார், ஆனால் இந்த ஆய்வு முழுவதும் அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

முதலில் விலக்க வேண்டியவை

தொடுகையை வெறுக்கும் பிள்ளையைப் பார்த்ததும் புலன் வேறுபாடு என்று முடிவெடுப்பது ஆபத்தானது. கரப்பனோ சொறி சிரங்கோ இருந்தால் எந்தத் துணியும் கடிக்கும். பேன் கடித்த தலையில் சீப்பு பட்டால் நோகும். வைத்திய நிபுணர் தோலையும் தலையையும் பார்த்திருந்தார், எதுவும் இல்லை. பேச்சு, கண் பார்த்துக் கதைத்தல், பாவனை விளையாட்டு, மற்றப் பிள்ளைகளோடு சேரும் ஆசை எல்லாம் வயதுக்கேற்ப இருந்தன. ஓட்டிசத்துக்கான மதிப்பீட்டையும் அவர் செய்து, அளவைகளை எட்டவில்லை என எழுதியிருந்தார்.

இன்னொன்றைக் கேட்காமல் விடக்கூடாது. யாராவது இந்தப் பிள்ளையைத் தீய முறையில் தொட்டிருக்கிறார்களா? அம்மாவைத் தனியாக வைத்துக் கேட்டேன். வெறுப்பு திடீரென்று ஒருநாள் தொடங்கியதா, ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ இடத்திலோ மட்டும் வருகிறதா, நித்திரை குழம்பியதா, பழைய பழக்கங்கள் திரும்பினவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இவளுக்கு இது கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கிறது. றிபனிடமும் மணலிடமும் சொதியிடமும் கூட இருக்கிறது. அது நிம்மதி தந்தது. திடீரென்று தொடங்கியிருந்தால் நான் வேறு கதவைத் தட்டியிருப்பேன். அப்படியான சந்தேகமுள்ள பெற்றோர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

தோலில் என்ன நடக்கிறது

அம்மாவுக்கு விளக்க ஒரு வழி தேடினேன். "உங்கட தாலிக்கொடி இப்ப கழுத்தில கிடக்கிறது தெரியுதா?" என்று கேட்டேன். அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "நீங்க கேட்டாப் பிறகுதான் தெரியுது." அதுதான் விசயம். தோல் ஒவ்வொரு கணமும் அனுப்பும் செய்திகளில் பெரும்பாலானவற்றை மூளை, 'இது பழையது, தேவையில்லை' என்று தணித்துவிடும். அந்தத் தணிப்பு உங்கள் மகளுக்கு நடப்பதில்லை, அல்லது மிக மெதுவாக நடக்கிறது. காலையில் போட்ட கழுத்துப்பட்டியும் காலுறையின் தையலும் பத்து மணிக்கும் இப்போதுதான் போட்டதுபோல் இருக்கும். நாள் முழுக்கத் தாலிக்கொடியை நினைத்துக்கொண்டே சமைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

தொடுகை என்று ஒரே பெயரில் சொன்னாலும் தோலில் பல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். உள்ளங்கையில் மைஸ்னர் நுண்ணுறுப்புகள் வழுக்கலை உணர்கின்றன, மேர்க்கல் கலங்கள் விளிம்பையும் சொரசொரப்பையும், ஆழத்திலுள்ள பசினி நுண்ணுறுப்புகள் அதிர்வையும். இவற்றின் செய்தி தடித்த நரம்பிழைகளில் விரைந்து போகும். மயிருள்ள தோலில் இன்னொரு வகை உண்டு. உறையற்ற மெல்லிய சீ-வகை இழைகள், விநாடிக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்தில் ஆறுதலாகச் செய்தி அனுப்புபவை. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வேகத்தில் மெல்ல வருடும்போது இவை கூடுதலாகத் துடிக்கின்றன. ஒரு தாய் பிள்ளையின் கையை வருடும் வேகம் ஏறத்தாழ அதுதான். சுவீடன் ஆய்வாளர்கள் 1990களில் இவற்றை மனிதரில் விவரித்தார்கள். 2002இல், தடித்த இழைகளை இழந்த ஒரு நோயாளி வருடலை மட்டும் மங்கலான இதமாக உணர்ந்ததைக் காட்டினார்கள்.

இதைப் படிக்கும்போது இந்த அம்மாவை நினைத்து எனக்கு வேதனையாக இருக்கும். பிள்ளைக்கு இதமளிக்க இயற்கை தந்த வருடலையே அவர் ஆறு வருடமாகக் கொடுத்துப் பார்த்தார். அவர் மகளுக்கு அதுதான் எல்லாத் தொடுகையிலும் தாங்க முடியாதது. மெல்லத் தொட்டால் துள்ளுகிறாள், அதைக் கண்டு இன்னும் மெல்லத் தொடுகிறார், அவள் இன்னும் துள்ளுகிறாள். அன்பு கூடக்கூட வலி கூடியிருக்கிறது.

முகமும் விரலும் ஏன் இத்தனை போர்க்களம்? மொன்றியலில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வில்டர் பென்ஃபீல்ட் 1937இல் வெளியிட்ட மூளை வரைபடத்தில் உதட்டுக்கும் முகத்துக்கும் கைக்கும் கிடைத்த பரப்பு உடம்பின் மற்றப் பாகங்களைவிட மிகப் பெரியது. முகம் கழுவுதல், நகம் வெட்டுதல், திருநீறு பூசுதல் என்று ஒரு வீட்டுக் காலைப்பொழுதின் பல வேலைகள் அந்தப் பரப்பில்தான் நடக்கின்றன.

இத்துறையைத் தொடக்கி வைத்தவர் அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஏ. ஜீன் அயர்ஸ். தொட்டாலே தற்காத்துக்கொள்ளும் 'தொடுகைப் பாதுகாப்புணர்வுக்கும்' பிள்ளைகளின் அமைதியின்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1964இலேயே எழுதினார். அவர் சொன்ன நரம்பியல் விளக்கங்களில் சில இன்று மிக எளிமையானவையாகத் தெரிகின்றன. ஆனால் "இந்தப் பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை, இவளுக்கு உலகம் வேறு மாதிரிப் படுகிறது" என்ற அவர் பார்வை பழுதாகவில்லை. 1997இல் வினி டன், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு புலன் வாசற்படி, அதாவது தூண்டல் உணரப்படத் தொடங்கும் அளவு, உண்டென்றும் சிலருக்கு அது தாழ்வு, சிலருக்கு உயர்வு என்றும் பிரித்துக் காட்டினார். வாசற்படி உயர்ந்த பிள்ளைகளையும் இங்கே பார்க்கிறேன். சட்டி சுட்டது தெரியாமல் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், முழங்காலில் இரத்தம் வடிய விளையாடுவார்கள், எல்லோர் மேலும் போய் விழுவார்கள். இவர்களுக்கும் 'குழப்படி' என்ற அதே பெயர்தான் கிடைக்கிறது.

'புலன் செயலாக்கக் கோளாறு' என்பது தனி நோய்ப்பெயராக ஏற்கப்படவில்லை. 2013இல் வந்த, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கைநூல் புலன் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஓட்டிசத்தின் அளவைகளில் ஒன்றாகச் சேர்த்தது, தனியாக இடம் தரவில்லை. அமெரிக்கச் சிறுவர் மருத்துவக் கழகமும் 2012இல் இதைத் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்றது. அதனால் என் அறிக்கையில் கோளாறு என்ற சொல்லே இல்லை, 'தொடுகை மிகையுணர்வு வேறுபாடு' என்று மட்டும் எழுதினேன். பெயர் இல்லாததால் பிள்ளையின் துன்பம் பொய்யாகிவிடாது. 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 16 சதவீதமானோரைத் தொடுகைகளோ ஓசைகளோ தொல்லைப்படுத்துவதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள்.

பையும் புளியங்கொட்டையும்

இரண்டாம் சந்திப்பில் ஒரு துணிப்பைக்குள் சாவி, ஐந்து ரூபாய்க் குற்றி, பொத்தான், புளியங்கொட்டை, சோகி எல்லாம் போட்டுவைத்தேன். பார்க்காமல் கைவிட்டுத் தடவிப் பெயர் சொல்ல வேண்டும். பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தாள். எட்டில் எட்டும் சரி. புளியங்கொட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்ததைக்கூடக் கண்டுபிடித்துச் சொன்னாள். அதே பொருட்களை நான் எடுத்து அவள் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் வைத்தபோது, முதல் பொருளுக்கே கையை உதறிவிட்டாள்.

ஆகவே பிரித்தறிவதில் அவளுக்குக் குறையில்லை, அபாரமாகவே செய்கிறாள். பொருள் ஒன்று, தோல் ஒன்று. மாறியது தொடங்கிய கை மட்டும்.

யாரும் தன் கையால் தனக்குக் கிச்சுக்கிச்சு மூட்ட முடியாது. 1998இல் இலண்டனில் சேரா-ஜேன் பிளேக்மோரும் கூட்டாளிகளும் இதை மூளைப்படத்தில் பார்த்தார்கள். நாமாகச் செய்யும் அசைவின் விளைவைச் சிறுமூளையின் உதவியோடு மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது, கணித்த தொடுகையைத் தணித்துவிடுகிறது. மற்றவர் கையை அப்படிக் கணிக்க முடியாது. வாசற்படி தாழ்ந்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. மாமாவின் வாளியிலும் அவளுடைய செம்பிலும் இருந்தது அதே வெந்நீரூற்றுத் தண்ணீர்தான். அம்மம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருந்த விடை இது.

கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவள் என்னை வெறுக்கயில்ல" என்றார்.

நாங்கள் செய்தவை

இலக்குகளை அம்மாவே தெரிவு செய்தார். 1968இல் கிரெசுக், ஷெர்மன் என்ற இருவர் உருவாக்கிய இலக்கு அளவிடல் முறைப்படி ஒவ்வொன்றுக்கும் கழித்தல் 2 முதல் கூட்டல் 2 வரை படி போட்டோம், 0 என்றால் எதிர்பார்த்த அளவை எட்டியாயிற்று. அம்மா எழுதியவை மூன்று: காலையில் தலை இழுப்பது, வரிசையில் கீறாமல் நிற்பது, மூன்றாவதாகக் கொஞ்சம் தயங்கி, "நான் ஒருக்கா அணைக்க வேணும்." ஒரு சீ.ஆர். கொப்பியில் நாளாந்தம் குறித்து வந்தார். தலை இழுக்க எடுத்த நேரம் முதல் வாரத்தில் 35 முதல் 40 நிமிடம்.

தலைக்கான வழி இது. முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் பிள்ளையே தன் உச்சியில் வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துவாள். அம்மாவின் கை அவள் கைகளின் மேல் வரும். பிறகு நல்லெண்ணெய், விரல் நுனியால் அல்ல, முழு உள்ளங்கையால் அழுத்தி. அகலப் பல் சீப்பு. சிக்கின் மேற்பக்கம் மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து மேலே. எதிரில் கண்ணாடி, சீப்பு வருவது தெரிய வேண்டும். முப்பது இழுப்பு, அவள் எண்ணுவாள், முப்பதோடு கட்டாயம் நிறுத்த வேண்டும். குறை கிடந்தாலும் கிடக்கட்டும். இந்தக் கடைசி விதிதான் அம்மாவுக்குக் கடினமாக இருந்தது. அரைகுறைப் பின்னலோடு பள்ளிக்கூடம் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்தார். ஆனால் முடிவு வரும் என்று நம்பினால்தான் பிள்ளை தொடக்கத்தைத் தாங்குவாள்.

எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பது நம் பழைய வழக்கம். அம்மம்மா அதில் கைதேர்ந்தவர். அவர் கையின் பலமான, மெதுவான, இடம் விட்டு இடம் தாவாத அழுத்தம் எந்தக் கருவியையும்விட நன்றாக வேலை செய்தது. அதன் பிறகு சிகிச்சையில் அவர்தான் என் வலக்கை.

சீருடைத் துணியைப் போடும் முன் ஐந்தாறு தரம் தோய்த்தோம், கஞ்சி போடுவதை நிறுத்தினோம், கழுத்துப் பட்டியிலிருந்த லேபலை நூல் எச்சமில்லாமல் பிரித்தெடுத்தோம், பழைய பருத்திப் பெற்றிக்கோட்டை உள்ளே போட்டோம், காலுறையை உட்புறம் வெளியே வரப் போட்டோம். வேலை முடிந்தது. சில வீடுகளில் இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பள்ளிக்கூடம் போகும் முன் பாரமான வேலை ஏதாவது: கிணற்றடியிலிருந்து அரை வாளித் தண்ணீர், றொட்டி மா பிசைதல், அம்மியில் சம்பலுக்கு மிளகாயில்லாமல் தேங்காய்ப்பூ அரைத்தல். மாலையில் தகப்பனோடு கயிறு. தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் இந்த இழுப்பும் அழுத்தமும் பிள்ளையை அடக்குவதை நாங்கள் நடைமுறையில் அடிக்கடி காண்கிறோம். ஆய்வுச் சான்று அந்தளவுக்குப் பலமானதல்ல. 2022இல் வெளிவந்த பிரித்தானியச் சோதனையில் 138 ஓட்டிசப் பிள்ளைகளிடம் அயர்ஸின் வழிவந்த புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சையை வழமையான கவனிப்போடு ஒப்பிட்டபோது நடத்தையில் தெளிவான மேம்பாடு தெரியவில்லை. பாரம் கட்டிய அங்கி, பாரப் போர்வை முதலியவற்றுக்கும் சான்று மெலிந்ததுதான். ஆகவே காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறேன். வாளியும் அம்மியும் வீட்டில் இருக்கின்றன, அவற்றால் கெடுதி இல்லை.

என் பிழை

மூன்றாம் வாரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பயிற்சிக்காலத்தில் தூரிகை முறை ஒன்றைக் கற்றிருந்தேன். மென்மையான தூரிகையால் கையையும் முதுகையும் அழுத்தித் தேய்த்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திரும்பச் செய்வது. அதற்கும் உறுதியான சான்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவின் கண்ணீரைப் பார்த்து, விரைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவசரப்பட்டேன். நானே தொடங்கினேன், நானே எண்ணினேன். பிள்ளை அசையாமல் நின்றாள். பழகிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் உறைந்துபோய் நின்றிருக்கிறாள். அன்றிரவு வீட்டில் இரண்டு மணிநேரம் அழுதாள். அடுத்த கிழமை எங்கள் வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை.

பையும் புளியங்கொட்டையும் எனக்குக் காட்டித் தந்ததை என் கையே மறந்துவிட்டது. அவள் உடம்பில் எப்போது, எவ்வளவு, எதுவரை என்ற மூன்றையும் நான் எடுத்துக்கொண்டேன். அடங்கி நிற்கும் பிள்ளை சம்மதித்த பிள்ளை அல்ல. ஓட்டோவுக்குப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தூரிகையை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதால் ஓட்டோவின் இருக்கையைத் துடைத்தாள், பிறகு என் கையைத் தேய்த்தாள், பலமாக. இரண்டு வாரம் வீணானது. அதற்குப் பிறகு எங்கள் அறையில் எந்தத் தொடுகையையும் அவள்தான் தொடங்கினாள்.

மணலும் அப்படித்தான். முதலில் நீண்ட கரண்டியால் உலர்ந்த அரிசி, பிறகு கையால் அரிசி, பிறகு கரண்டியால் மணல். ஈர மணலுக்கு வர ஏழு வாரம். உப்புவெளிக் கரையில் அவளே ஒரு நாள் நண்டு வளையொன்றுக்குள் விரலை விட்டாள். நண்டுக்கு முன்னால் மணல் மறந்துபோயிற்று.

பாடசாலை

வகுப்பாசிரியை 38 பிள்ளைகளோடு போராடிக்கொண்டிருந்தவர். நீண்ட அறிக்கை கொடுத்தால் வாசிக்க நேரமிராது. நேரில் போய் மூன்று விசயம் மட்டும் கேட்டேன். வரிசையில் இவளைக் கடைசியில் விடுங்கள், பின்னாலிருந்து யாரும் உரசாமல் இருக்கட்டும். வகுப்பில் சுவரோரக் கதிரை. கூப்பிட வேண்டுமென்றால் முன்னால் வந்து பெயரைச் சொல்லுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். அவர் கேட்டார்: "அப்ப அவள் கீறினது வேணுமெண்டு இல்லையோ?" வரிசையில் நிற்கும் பிள்ளைக்குப் பின்னாலிருந்து ஒரு பை உரசுகிறது. மூளை அதைத் தாக்குதல் என்று படித்துவிடுகிறது. கை போன பிறகுதான் பிள்ளைக்கே தெரியும், தான் கீறிவிட்டேன் என்று. கீறியது சரியென்று நான் சொல்லவில்லை. கீறுபட்ட பிள்ளைக்கும் நோகும். அதனால் "தள்ளி நில்லு" என்று உரத்துச் சொல்ல இவளுக்குப் பழக்கினோம்.

ஆசிரியை தன் இடாப்பின் ஓரத்தில் கணக்கு வைத்தார். முதல் வாரம் ஆறு கீறல். ஒன்பதாம் வாரம் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் வாரம் நான்கு. கச்சான் காற்று தொடங்கியிருந்தது. வெக்கை, வியர்வையில் ஒட்டிய கழுத்துப்பட்டி, காற்றோடு வந்து முகத்தில் அடிக்கும் புழுதி. அம்மா சோர்ந்துபோய் வந்தார், "திரும்பப் பழைய மாதிரி மிஸ்" என்று. பழைய மாதிரி இல்லை. பிள்ளையின் கோப்பை ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது, ஒரு துளியில் வழிகிறது. கழுத்தைத் துடைக்க ஈரத்துவாய் ஒன்றை அவள் பையில் வைத்தோம், அவளே துடைத்துக்கொள்ள. அதோடு கணக்கு இறங்கியது.

பதினாறாம் வாரம்

தலை இழுக்க 12 நிமிடம். அழுகை கிழமையில் ஒன்றிரண்டு. இலக்கு அளவில் கூட்டல் 1. வரிசைக்கும் கூட்டல் 1. இது சிகிச்சையால் வந்ததா, சூழலை மாற்றியதால் வந்ததா, அவள் நான்கு மாதம் வளர்ந்ததால் வந்ததா என்று ஒரு பிள்ளையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. வரிசையின் கடைசி இடமும் தோய்த்த துணியுமே பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

மூன்றாவது இலக்கு எதிர்பாராத வழியில் வந்தது. அம்மாவிடம் நான் சொல்லியிருந்தது ஒன்றுதான்: காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து இருங்கள், கையை மடியில் வையுங்கள், கூப்பிட வேண்டாம். பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாலை மின்சாரம் போன நேரம், பிள்ளை பின்புறமாக நகர்ந்து வந்து தன் முதுகை அம்மாவின் நெஞ்சில் பலமாக முட்டி அழுத்தினாள். அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றின் மேல் குறுக்காக வைத்து இறுக்கினாள். "இன்னும் இறுக்கு" என்றாள். அம்மா கொப்பியில் அன்றைக்கு நேரம் எழுதவில்லை, 'இறுக்கு எண்டாள்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

கோணேசர் கோவிலுக்குப் போனபோது நடந்ததை அம்மம்மா சொன்னார். முன்பெல்லாம் திருநீறு பூச நெற்றியைப் பிடித்தாலே அமளிதான். இம்முறை திருநீற்றைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டி, "நீயே பூசுறியா குஞ்சு?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை மூன்று விரலால் தொட்டு அழுத்திப் பூசிக்கொண்டாள். பிறகு மிச்சத்தை அம்மம்மாவின் நெற்றியிலும் பூசிவிட்டாளாம்.

நகம் இன்னும் தீரவில்லை. நகவெட்டியை அவள் கையில் கொடுத்து, அம்மா பக்கத்தில் இருக்க, இடக்கை நகங்களைத் தானே வெட்டப் பழகிவிட்டாள். வலக்கையை வெட்ட இடக்கைக்கு இன்னும் பலமில்லை, அதற்கு மற்றவர் கை வேண்டும். நகவெட்டியை அம்மாவும் மகளும் சேர்ந்து பிடித்துப் பார்க்கிறார்கள். சென்ற கிழமை பெருவிரல் ஒன்று முடிந்தது, மற்ற நான்கும் நீளமாக இருக்கின்றன. அடுத்த சந்திப்புக்கு அராவும் தாளொன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், மேசையில் ஒட்டிவைத்தால் விரலை அவளே அதில் உரசலாம்.